ஊசுட்டேரியில் நடந்தே பறவை பார்க்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியிலிருந்து ஊசுட்டேரிக்குக் கிளம்புகிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே தொகுத்து, விடை எழுதியிருக்கிறோம். படகிலோ காரிலோ சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு இது அவ்வளவாக உதவாது. கரையில் இறங்கி நடந்து, நின்று, பொறுமையாகப் பார்க்க வருகிறவர்களுக்கானது.

ஊசுட்டேரின்னா பாசன ஏரிதானே? அதை எப்படி சரணாலயம்னு சொல்றாங்க?

இரண்டும்தான். வயலுக்குத் தண்ணீர் தேக்க ஏற்பட்ட ஏரி இது. கரை, மதகு, கலிங்கல் (ஏரி நிரம்பினால் மிகுதித் தண்ணீர் வழியும் இடம்) எல்லாம் உண்டு. சங்கராபரணி ஆற்றுத் தண்ணீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக வந்து சேர்கிறது. சுற்றுவட்டார மழைநீரும் இறங்குகிறது. ஏறக்குறைய 800 ஹெக்டேர் பரப்பு. அதில் ஏறத்தாழப் பாதி புதுச்சேரிக்குச் சொந்தம், மீதி விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் வருகிறது.

புதுச்சேரிப் பகுதியை 2008-லும், தமிழ்நாட்டுப் பகுதியை 2014-லும் சரணாலயமாக அறிவித்தார்கள். தண்ணீர் ஒன்று, சரணாலயம் இரண்டு, வனத்துறையும் இரண்டு. கீழே வரும் பல கேள்விகளுக்கு இதுதான் அடிப்படை, அதனால் நினைவில் இருக்கட்டும்.

எப்படிப் போறது? பஸ் இருக்கா?

புதுச்சேரி நகரத்துக்கு மேற்கே பத்து கிலோமீட்டர் சொச்சம். பத்துக்கண்ணு, திருக்கனூர் பக்கம் போகும் பேருந்துகளில் சில ஏரிக்கரை வழியாகப் போகும், சில போகாது. ஏறும்போதே நடத்துநரிடம் "ஊசுட்டேரி நிக்குமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். விடியும்போது அங்கே இருக்க வேண்டுமென்றால் இருசக்கர வாகனம்தான் தோது. வண்டியைக் கரைச் சாலையின் வளைவில் நிறுத்தாதீர்கள். லாரிகள் வேகமாக வரும் சாலை அது.

எந்த மாசம் நல்ல மாசம்?

நவம்பர் முதல் மார்ச் வரை. வெளிநாட்டு வாத்துகளும் உள்ளான்களும் ஐப்பசி, கார்த்திகையில் வரத் தொடங்கி, பங்குனியில் கிளம்பிவிடும். ஒரே ஒரு முறைதான் வர முடியும் என்கிறவர்களுக்கு ஜனவரி பாதியிலிருந்து பிப்ரவரி கடைசி வரை என்று சொல்வோம். காரணம் அடுத்த பதிலில்.

ஏப்ரலுக்குப் பிறகும் ஏரி காலியாகிவிடாது. கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, பாம்புத்தாரா, நீர்க்காகம், முக்குளிப்பான், தாழைக்கோழி எல்லாம் நம் ஊர்ப் பறவைகள்தான். வெயிலைத் தாங்க முடிந்தால் அவற்றை நிதானமாகப் பார்க்கலாம்.

டிசம்பர்ல ஏரி ரொம்பி இருந்துச்சு, ஆனா பறவையே இல்லை. தண்ணி நிறைய இருந்தா பறவையும் நிறைய வரணும் இல்லையா?

ஏமாற்றத்தோடு திரும்புகிறவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். ஒவ்வொரு பறவைக்கும் அதன் காலும் கழுத்தும் எட்டுகிற ஆழம்தான் சாப்பாட்டுத் தட்டு. ஊசிவால் வாத்து முங்கி நீந்தாது; வால் மேலே நிற்க, தலைகீழாகக் கவிழ்ந்து அடியில் இருக்கும் விதையையும் பூச்சியையும் எடுக்கும். கழுத்து எட்டாத ஆழத்தில் அதற்கு இரை கிடையாது. நீலச்சிறகியும் தட்டைவாயனும் நீரின் மேல்மட்டத்தையும் ஆழமில்லாத விளிம்பையும் நம்பியிருப்பவை. உள்ளான்களுக்குக் கணுக்கால் அளவுத் தண்ணீரும் ஈரச் சேறும் வேண்டும். ஏரி கலிங்கல் மட்டத்துக்கு நிரம்பியிருக்கும்போது இந்த விளிம்பே இல்லாமல் போகிறது. அப்போது பறவைகள் சுற்றியுள்ள சிறு குளங்களிலும் நெல் வயல்களிலும் சிதறிக் கிடக்கும்.

ஜனவரியில் மதகு திறந்து பாசனத்துக்குத் தண்ணீர் போகப்போக, நீர்மட்டம் இறங்கி, கோரையும் சேறும் வெளியே வரும். சிதறிப்போனவை அங்கே கூடும். நன்றாக வற்றிய ஆண்டுகளில் பூநாரைகளும் வந்து நிற்கும். நிறைந்த ஏரியில் முங்கி மீன் பிடிக்கும் நீர்க்காகம், பாம்புத்தாரா, முக்குளிப்பான், கூட்டமாக வளைத்து மீன் அள்ளும் கூழைக்கடா ஆகியவற்றைத்தான் நன்றாகப் பார்க்க முடியும். ஆகவே கிளம்புமுன் ஏரியில் எவ்வளவு தண்ணீர் என்று விசாரித்துவிட்டு, எதைப் பார்க்கப் போகிறோம் என்று தீர்மானியுங்கள்.

காலையில எத்தனை மணிக்கு வரணும்? பத்து மணிக்கு வந்தா ஆகாதா?

ஜனவரியில் சூரியன் ஆறரை மணி வாக்கில் உதிக்கும். வெளிச்சம் வருவதற்கு முன்பே கரையில் இருந்தால் நல்லது. அடைந்திருந்த பறவைகள் கிளம்பும் நேரம் அது. எட்டரை வரை காற்று அடங்கியிருக்கும், தண்ணீர் அசையாது. ஒன்பதரைக்குமேல் கானல் ஆடத் தொடங்கும். தூரத்து வாத்து எல்லாம் ஒரே கறுப்புப் புள்ளியாகத் தெரியும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய தொலைநோக்கியானாலும் கானலைத் தாண்டாது. நண்பகல் வாக்கில் கடல்காற்று ஏறி அலை புரளும், எண்ணவே முடியாது.

காலையில் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும், இறகின் நிறம் தெளிவாகத் தெரியும். மாலையில் அதே இடத்தில் நின்றால் கண் கூசும்; ஆனால் நான்கரை மணிக்குமேல் கொக்குகளும் நாரைகளும் வரிசை வரிசையாக அடைய வருவதைப் பார்க்க அதுவே நல்ல இடம். இருட்டுவதற்குள் கிளம்பிவிடுங்கள்.

அனுமதி வாங்கணுமா? யார்கிட்ட?

சரணாலய எல்லைக்குள் நுழைய, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி அனுமதி வேண்டும். பிரிவு 28 எதற்கெல்லாம் அனுமதி தரலாம் என்று சொல்கிறது: வன உயிரினங்களைக் கவனித்து அறிவது, படம் எடுப்பது, ஆராய்ச்சி, சுற்றுலா, உள்ளே குடியிருப்பவரோடு முறையான வேலை. புதுச்சேரிப் பக்கத்துக்குப் புதுச்சேரி வனம் மற்றும் வனவிலங்குத் துறை. தமிழ்நாட்டுப் பக்கத்துக்கு விழுப்புரம் வனக்கோட்டம்.

கட்டணமும் நேரமும் அவ்வப்போது மாறும். பழைய பதிவுகளில் பார்த்த தொகையை நம்பி வராமல், முதல் நாளே துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளி, கல்லூரிக் குழுவாக வருவதானால் எழுத்தில் விண்ணப்பித்து, எத்தனை பேர், எந்த நாள், எந்த நேரம், பொறுப்பாளர் யார் என்று குறிப்பிடுங்கள். இந்த நான்கும் இல்லாத கடிதம் திரும்பி வரும் அல்லது கிடப்பில் கிடக்கும்.

கரைமேல போறது ஊர் ரோடுதானே? அங்க நின்னு பார்க்கறதுக்குமா அனுமதி?

பொதுச்சாலை வழியாகச் சரணாலயத்தைக் கடந்து போகிறவருக்குத் தனி அனுமதி தேவையில்லை. பிரிவு 27 அதை விலக்கி வைத்திருக்கிறது. ஆனால் சாலையை விட்டுக் கரைச் சரிவில் தண்ணீரை நோக்கி இறங்கிய கணமே நீங்கள் வழிப்போக்கர் இல்லை. சாலையோரம் நிற்பதாக இருந்தாலும், வனக்காவலர் நகரச் சொன்னால் நகர்ந்துவிடுங்கள். வாத்துக் கூட்டம் கரையோரம் ஒதுங்கியிருக்கும் நாளில் அவர் சொல்வதில் நியாயம் இருக்கும்.

புதுச்சேரியில வாங்கின அனுமதியோட பூத்துறைப் பக்கம் போகலாமா?

கூடாது. பூத்துறை வானூர் வட்டத்து ஊர்; முதல் பதிலில் சொன்னபடி அந்தப் பக்கம் தமிழ்நாட்டுச் சரணாலயம். தண்ணீருக்குள் வேலி கிடையாது, எல்லை எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. கரையில் நட்டிருக்கும் எல்லைக் கற்களையும் அறிவிப்புப் பலகையையும் பார்த்து நடங்கள். முழு ஏரியையும் சுற்ற ஆசை என்றால் இரண்டு அலுவலகத்திலும் கேட்டே ஆக வேண்டும். ஏழு கிலோமீட்டர் வாக்கில் நீளும் கரையில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு மூன்று மணி நேரம் செலவழிப்பது, மொத்தத்தையும் சுற்றி ஓடுவதைவிட நிறைய காட்டும்.

என்னென்ன எடுத்துட்டு வரணும்?

ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், வீட்டுப் பாட்டிலில். தொப்பி. மூடிய காலணி கட்டாயம்: கரை நெடுக வேலிக்காத்தான் முள் கிடக்கும், ரப்பர் செருப்பின் அடியைத் துளைத்துக்கொண்டு பாதத்தில் ஏறும். முள் எடுக்க ஒரு சிறு இடுக்கி பையில் இருக்கட்டும். முழுக்கால் சட்டை. உடை மண் நிறத்திலோ மங்கிய பச்சையிலோ இருந்தால் போதும். காட்டுக்குப் போகிறவர் போட்டுக்கொள்ளும் புள்ளி உடை எல்லாம் தேவையில்லை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் வேண்டாம். குறிப்பேடு, பென்சில். கரையில் கடை, கழிப்பறை எதையும் எதிர்பார்க்காதீர்கள். வீட்டிலோ வழியில் வில்லியனூரிலோ முடித்துவிட்டு வாருங்கள். தின்பண்டப் பொட்டலங்களைத் தவிருங்கள், கொண்டுவந்தால் உறையையும் திருப்பி எடுத்துப் போங்கள். சரணாலயத்தில் குப்பை போடுவது பிரிவு 27-இன் கீழேயே குற்றம்.

தொலைநோக்கி எந்த அளவு வாங்கணும்? 20 மடங்குன்னு ஒண்ணு விக்கறாங்களே?

8×42 வாங்குங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது, முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். 42-ஐ 8-ஆல் வகுத்தால் ஐந்தேகாலுக்குப் பக்கத்தில் வரும். கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. விடியற்காலை மங்கலில் இந்த எண்தான் வேலை செய்யும். 20 மடங்குக் கருவியில் கை நடுக்கமும் 20 மடங்காகும், பார்வைப் பரப்பு சுருங்கும். பறவையைக் கண்டுபிடிப்பதற்குள் அது பறந்துவிடும். தூரத்து வாத்துகளைப் பிரித்தறிய விரும்புகிறவர்கள் முக்காலியோடு கூடிய ஒற்றைக்குழல் தொலைநோக்கிக்குப் போகலாம், அதுவும் ஓர் ஆண்டு பழகிய பிறகு.

வாங்கிய அன்றே செய்ய வேண்டியது ஒன்று. வலக்கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் திருப்பி இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, வலக்கண் குழலில் உள்ள வளையத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். இதைச் செய்யாமல் "தலை வலிக்குது" என்று தொலைநோக்கியை மூலையில் போட்டவர்கள் உண்டு.

நடக்கறதுல என்ன இருக்கு? நாங்க சத்தமே போடலையே, அப்பவும் எல்லாம் பறந்துடுச்சு.

சத்தத்தைவிட உருவம்தான் பெரிய தொந்தரவு. ஏரிக்கரை உயரமானது. அதன் உச்சியில் நிமிர்ந்து நடக்கும் ஆள், கீழே தண்ணீரில் இருக்கும் பறவைக்கு வானத்தின் பின்னணியில் கறுப்பாக, முழுசாகத் தெரிவார். ஆகவே உச்சியில் வரிசையாக நடக்காதீர்கள். வெளிச்சரிவில் இரண்டடி கீழே நடந்து, மரமோ புதரோ இருக்கும் இடத்தில் மட்டும் அதை ஒட்டி நின்று எட்டிப் பாருங்கள். அந்த மரம் உங்கள் உருவத்தை உடைத்துவிடும். ஐம்பது அறுபது தப்படிக்கு ஒரு முறை நின்று, ஐந்து நிமிடம் அசையாமல் இருங்கள். நேராகப் பறவையை நோக்கி நடக்காமல், சாய்வாக, அதைக் கடந்து வேறெங்கோ போகிறவர் மாதிரி நடங்கள். கையை நீட்டிச் சுட்டிக் காட்டுவது கூடாது. "அந்த ஒத்தைப் பனைக்கு இடப்பக்கம்" என்று வாயால் சொல்லுங்கள்.

நூறு மீட்டர் தள்ளி நில்லுங்கள் என்று பொதுவாகச் சொல்வோம். ஆனால் மீட்டர் கணக்கைவிடப் பறவையின் தலையைக் கவனிப்பது மேல். மேய்ந்துகொண்டிருந்த வாத்து தலையைத் தூக்கி, கழுத்தை நேராக்கி, அப்படியே நிறுத்திவைத்தால் அது உங்களைப் பார்த்துவிட்டது. பக்கத்தில் இருப்பவையும் தூக்கும். அடுத்து ஒரே திசையில் மெல்ல நீந்தி விலகும், குரல் கொடுக்கும், பிறகு எழும். முதல் தலை தூக்கியதும் நின்றுவிட வேண்டும். இரண்டு நிமிடத்தில் தலைகள் மறுபடி இறங்கினால் அங்கேயே இருக்கலாம். இறங்காவிட்டால் பத்து தப்படி பின்வாங்குங்கள்.

பறந்தா என்ன, சுத்திட்டு மறுபடி வந்து உக்காருது. அதுல என்ன நஷ்டம்?

ஒரு தடவை எழுப்பினால் பெரிய நஷ்டமில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துக் குழு வரிசையாக நடந்தால், அதே கூட்டம் பத்து முறை எழும். பறப்பது பறவை செய்யும் வேலைகளிலேயே அதிகத் தெம்பைத் தின்பது. எழுந்து சுற்றும் நேரம் முழுக்க இரை எடுக்கவும் முடியாது. பிப்ரவரி, மார்ச்சில் இது இன்னும் மோசம்: மத்திய ஆசியாவுக்கும் அதற்கு வடக்கேயும் திரும்பிப் பறக்க உடம்பில் கொழுப்புச் சேர்த்தாக வேண்டிய வாரங்கள் அவை. அங்கே போய்ச் சேர்ந்து முட்டையிடுமா என்பது இங்கே எவ்வளவு நிம்மதியாக மேய்ந்தது என்பதையும் பொறுத்தது. "பறக்கற மாதிரி ஒரு போட்டோ" என்பதற்காகக் கைதட்டுவதும் கல்லெறிவதும் சட்டப்படியும் குற்றம். வன உயிரினத்தைச் சீண்டக் கூடாது என்று பிரிவு 27 நேரடியாகவே சொல்கிறது.

வெள்ளையா நிக்கறதெல்லாம் கொக்குதானே? எப்படிப் பிரிச்சுச் சொல்றீங்க?

புதிதாக வருகிறவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். நான்கு வகை வெள்ளைக் கொக்கும் ஒரே காலையில் கிடைக்கும். முதலில் அலகைப் பாருங்கள். கறுப்பு அலகு, கறுப்புக் கால், ஆனால் விரல்கள் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக் கொக்கு. கால் தண்ணீருக்குள் இருக்கும். அது ஓர் அடி தூக்கி வைக்கும்வரை காத்திருங்கள், மஞ்சள் விரல் பளிச்சென்று தெரியும். குட்டையான மஞ்சள் அலகோடு மாட்டின் காலடியில் திரிவது உண்ணிக்கொக்கு.

நீண்ட மஞ்சள் அலகோடு இருப்பவை பெரிய கொக்கும் நடுத்தரக் கொக்கும். உயரத்தை வைத்துச் சொல்லாதீர்கள், தனியாக நின்றால் ஏமாந்துபோவீர்கள். வாய்ப்பிளவின் கோடு எங்கே முடிகிறது என்று பாருங்கள். கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு, கண்ணுக்குக் கீழேயே நின்றுவிட்டால் நடுத்தரக் கொக்கு. இனப்பெருக்கக் காலத்தில் இரண்டின் அலகும் கறுக்கும். அப்போதும் வாய்க்கோடு மாறாது.

சின்னக் கொக்கைவிடப் பெரிதாக, வெள்ளை உடம்பு, கறுப்பு மொட்டைத் தலை, கீழ்நோக்கி வளைந்த கறுப்பு அலகு என்றால் வெள்ளை அரிவாள் மூக்கன். அது கொக்கே இல்லை.

கறுப்பா நூத்துக்கணக்குல மிதக்குதே, அது வாத்தா?

பெரும்பாலும் நாமக்கோழி. கரிய உடம்பு, நெற்றியில் வெள்ளைத் தகடு. வாத்து இல்லை, தாழைக்கோழிக்குச் சொந்தம். நீந்தும்போது தலையை முன்னும் பின்னும் ஆட்டும். சிவப்பு நெற்றியோடு கோரைக்குள் நடமாடும் நீல நிறப் பெரிய பறவை நீலத் தாழைக்கோழி. உண்மையான வாத்து வேண்டுமென்றால் நாமக்கோழிக் கூட்டத்தின் ஓரங்களைத் தேடுங்கள். நீலச்சிறகிகள் பெரும்பாலும் அங்கேதான் கலந்திருக்கும்.

இவ்வளவு கூட்டத்தை எப்படி எண்றது? உத்தேசமா போட்டா போதுமா?

உத்தேசம்தான், ஆனால் முறையான உத்தேசம். கூட்டத்தின் ஒரு விளிம்பில் பத்துப் பறவையை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அந்தப் பத்து தொலைநோக்கியின் வட்டத்தில் எவ்வளவு இடம் அடைக்கிறது என்று மனதில் வாங்கிக்கொண்டு, அதே அளவை அடுத்தடுத்து வைத்து நகருங்கள். பெரிய கூட்டமானால் பத்துக்குப் பதில் ஐம்பது. மூன்று முறை எண்ணி, நடு எண்ணை எழுதுங்கள். கூட்டத்தின் நடுவில் அடர்த்தி கூடும். விளிம்பு அளவையே நடுவிலும் வைத்தால் குறைத்து எண்ணிவிடுவோம். முங்கும் பறவைகளில் எப்போதும் சில தண்ணீருக்கடியில் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எண்ணியதை இபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவுச் செயலியில் இடம், தொடங்கிய நேரம், நடந்த தூரத்தோடு பதிவிடுங்கள். நல்ல தொடக்கம் வேண்டுமென்றால் பொங்கல் நாள்களில் தமிழ்நாடும் புதுச்சேரியும் சேர்ந்து நடத்தும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் கலந்துகொள்ளலாம். 2015 முதல் நடக்கிறது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் ஆண்டுதோறும் ஜனவரியில் வரும். அது 1987-இல் தொடங்கியது.

போட்டோ எடுக்க என்ன கட்டுப்பாடு? ட்ரோன் விடலாமா?

ட்ரோன் வேண்டவே வேண்டாம். மேலேயிருந்து வரும் எதையும் பறவைகள் பருந்தாகவே எடுத்துக்கொள்ளும்; முழு ஏரியும் ஒரே நேரத்தில் எழும். அனுமதியில்லாமல் விட்டால் வழக்கும் வரும். சாதாரணக் கேமராவுக்கு என்ன விதி என்று அனுமதி வாங்கும்போதே கேளுங்கள்.

கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் வேண்டாம். தன் இடத்துக்கு எதிரி வந்துவிட்டதென்று நினைத்து, இரையையும் கூட்டையும் விட்டுவிட்டு அது தேடி அலையும். கூட்டின் படத்தை எடுக்காதீர்கள். எடுத்தவர்கள் இடத்தோடு வாட்ஸாப்பில் போடாதீர்கள். மறுநாள் இருபது பேர் அங்கே நிற்பார்கள், காகம் அவர்கள் பின்னாலேயே வந்து கூட்டைக் கண்டுபிடித்துவிடும்.

கோடையில ஏரி காஞ்சு கிடக்கு. உள்ள இறங்கி நடந்தா யாருக்கு என்ன?

இரண்டு காரணத்துக்காக இறங்கக் கூடாது. முதலாவது சேறு. மேலே பாளம் பாளமாக வெடித்துக் காய்ந்திருக்கும், அடியில் ஈரம் இருக்கும். மாட்டுத் தடம் இல்லாத இடத்தில் கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கும். இழுக்க இழுக்க மற்றக் காலும் இறங்கும். சிக்கினால் பதறாமல் மல்லாக்கச் சாய்ந்து, உடல் எடையைப் பரப்பி, ஒவ்வொரு காலாக மெல்ல அசைத்து எடுக்க வேண்டும்.

இரண்டாவது, பங்குனியிலிருந்து ஆடி வரை அந்தத் தரைதான் கூடு. ஆள்காட்டியும் நெடுங்கால் உள்ளானும் வெறுந்தரையில் முட்டையிடும். ஆள்காட்டியின் முட்டை பொதுவாக நான்கு. மண் நிறத்தில் கரும்புள்ளியோடு, கூர்முனை உள்ளே பார்க்க அடுக்கியிருக்கும். மிதித்த பிறகுதான் தெரியும். ஆள்காட்டி தலைக்குமேல் கத்திக்கொண்டே சுற்றினால் கூடு மிக அருகில் இருக்கிறது. கண்டுபிடிக்க முயலாமல், வந்த தடத்திலேயே திரும்புங்கள். வெயிலில் ஐந்து நிமிடம் தாய் எழுந்திருந்தாலே முட்டை வெந்துபோகலாம்.

பாம்பு இருக்குமே, பயமா இருக்கு.

இருக்கும். தண்ணீரோரம் அடிக்கடி தெரிவது தண்ணீர்ப்பாம்பு, விஷமில்லாதது, ஆனால் மிதித்தால் கடிக்கும். புல்லிலும் வரப்பிலும் நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் உண்டு. தரை தெரியாத புல்லில் கால் வைக்காமலும், கல்லிடுக்கில் கை விடாமலும், இருட்டில் நடக்காமலும் இருந்தால் பயத்துக்கு வேலை இல்லை.

கடித்துவிட்டால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், பாம்பைத் தேடிப் பிடிக்காதீர்கள். மோதிரம், கொலுசு, காலணியைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, 108-ஐ அழையுங்கள் அல்லது கடிபட்டவரை நடக்கவிடாமல் வண்டியில் ஏற்றுங்கள். கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனை ஏரியிலிருந்து தொலைவில்லை. கடித்தது விஷப்பாம்பா என்று நீங்களே முடிவு செய்துகொண்டு வீட்டுக்குப் போகக் கூடாது.

மழை வந்தா?

தூறலுக்கு நிற்கலாம். இடி கேட்டால் கரையை விட்டு இறங்குங்கள். சுற்றுவட்டாரத்தில் உயரமான வெட்டவெளி அதுதான். பனைமரத்தடியில் ஒதுங்காதீர்கள், வண்டிக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போய்விடுங்கள். கலிங்கலில் தண்ணீர் வழியும்போது, கணுக்கால் அளவாகத் தெரிந்தாலும் குறுக்கே கடக்காதீர்கள். அடியில் பாசி பிடித்த கல், இழுப்பு அதிகம்.

சின்னப் பசங்களையும் வயசானவங்களையும் கூட்டிட்டு வரலாமா?

தாராளமாக. ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்க்கும்படி திட்டமிடுங்கள். பிள்ளைகளுக்குத் தொலைநோக்கி சீக்கிரம் சலித்துவிடும். "பாம்புத்தாரா எத்தனை தடவை முங்குது, எவ்வளவு நேரம் கழிச்சு மேல வருது" என்று எண்ணச் சொன்னால் அரை மணி அமைதியாக இருப்பார்கள். தண்ணீரோரம் விடாதீர்கள். ரொட்டி, பொரி போட வேண்டாம். பறவைக்கு அது உணவில்லை, தண்ணீர் கெடும், நாய்கள் பழகும்.

மீன்பிடிக்கறவங்களும் மாடு மேய்க்கறவங்களும் உள்ளேயே இருக்காங்க. எங்களை மட்டும் தடுக்கறது என்ன நியாயம்?

அவர்கள் தலைமுறை தலைமுறையாக ஏரியை நம்பி வாழ்கிறவர்கள். சரணாலயம் வந்தது பிறகு. சரணாலயம் அமைக்கும்போது முன்பிருந்த உரிமைகளை விசாரித்து, தொடர அனுமதிக்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது: பிரிவு 24, ஆட்சியர் தலைமை வன உயிரினக் காப்பாளரைக் கலந்து முடிவெடுக்கலாம் என்கிறது. பொழுதுபோக்குக்கு வரும் நமக்கு அப்படியொரு உரிமை கிடையாது.

இன்னொன்றும் உண்டு. அன்றாடம் ஒரே நேரத்தில், ஒரே பாதையில் போகும் மாட்டுக்காரரைப் பறவைகள் பழகிவிடுகின்றன. பதுங்கிப் பதுங்கி வரும் புதியவரைத்தான் வேட்டைக்காரராகக் கருதி எழும்புகின்றன. மீன்பிடிக்கிறவர்களிடமும் மாடு மேய்க்கிறவர்களிடமும் மரியாதையாகப் பேசுங்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள். எந்த மதகுப் பக்கம் தண்ணீர் வற்றியிருக்கிறது, எங்கே வாத்து ஒதுங்குகிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

கழுவெளியும் பக்கம்தானே. ஊசுட்டேரியா, கழுவெளியா?

கழுவெளி மரக்காணம் பக்கம், விழுப்புரம் மாவட்டம். 2021 டிசம்பரில் சரணாலயமாகி, 2024-இல் ராம்சார் தளமானது, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்த, உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் கலக்கும் சதுப்பு. உள்ளான் வகைகளுக்கும் பூநாரைக்கும் அது சிறந்தது. ஆனால் நிழல் கிடையாது, பறவைகள் வெகுதூரத்தில் நிற்கும், நடந்து பழகாதவர் களைத்துப்போவார். முதல் சில முறை ஊசுட்டேரி, பிறகு கழுவெளி என்பது எங்கள் யோசனை. பிச்சாவரத்தையும் சேர்த்துக் கேட்கிறார்கள். அது கடலூர் மாவட்டத்து அலையாத்திக் காடு, படகில் பார்க்க வேண்டியது.

அடிபட்ட பறவையோ செத்த பறவையோ கிடந்தா என்ன செய்யறது? காலில் வளையம் இருந்தா?

செத்துக் கிடப்பதை வெறுங்கையால் தொடாதீர்கள். ஒன்றுக்கு மேல் கிடந்தால் நோயாகவோ விஷமாகவோ இருக்கலாம். எத்தனை, என்ன வகை, எந்த இடம் என்று படத்தோடு உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். நாயை அருகில் விடாதீர்கள். தூண்டில் நரம்பில் சிக்கிய பறவையை இழுத்து எடுக்க வேண்டாம்; இழுத்தால் முள் உள்ளே கிழிக்கும். துணி கிடைத்தால் தலையோடு தளர்வாக மூடி, நிழலில் வைத்து, ஆள் வரும்வரை தண்ணீர் புகட்டாமல் காத்திருங்கள். கொக்கு, நாரை, பாம்புத்தாரா வகைகள் பயந்தால் கண்ணைக் குத்தும், முகத்தைத் தள்ளி வையுங்கள்.

உயிருள்ள பறவையின் காலில் வளையம் தெரிந்தால் துரத்தாமல் படம் எடுங்கள். எந்தக் கால், முட்டிக்கு மேலா கீழா, என்ன நிறம், எழுத்து ஏதாவது படிக்க முடிகிறதா என்று அப்போதே எழுதிவையுங்கள். வீட்டுக்குப் போனபின் நிறம் குழம்பிவிடும். இந்தியாவில் வளையமிடும் பணியைப் பல பத்தாண்டுகளாகச் செய்துவருவது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம். நாள், நேரம், இடத்தோடு அவர்களுக்கு எழுதுங்கள். உலோக வளையத்தில் எண்ணில் ஓர் இலக்கம் மட்டும் தெரியாவிட்டாலும் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு அனுப்புங்கள். ஊகித்து நிரப்பினால் வேறொரு பறவையின் கணக்கில் போய்ச் சேரும்.